பெயின்ட் பளபளக்கிறது, தகடு அரிக்கிறது: சென்னைக் கடற்காற்றில் ஒரு மிக்-21 (நிகழ்வு ஆய்வு)

பீடத்தின் மேல் மூக்கை வானத்துக்குத் தூக்கி, இடப்பக்கம் சற்றே சாய்த்து நிறுத்திய மிக்-21 எஃப்.எல். விமானம். சாலையிலிருந்து பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது. குடியரசு தினத்துக்கு முன் அடித்த வெள்ளிப் பெயின்ட் பளபளக்கிறது, மூவர்ண வட்டம் புதிதாக இருக்கிறது. ஏணி வைத்து ஏறி இடது இறக்கையின் அடிப்பக்கம் டார்ச் அடித்தால், ரிவெட் வரிசைகளுக்கு நடுவே தகடு அப்பளமாக உப்பியிருக்கிறது. சில ரிவெட்டுகளுக்குத் தலையே இல்லை. நுனியருகே ஒரு திருகைக் கழற்றியதும் பழுப்புத் தண்ணீர் ஒழுகுகிறது, மழை நின்று பல நாள் ஆன பிறகும்.

குறிப்பிட்ட ஓர் அருங்காட்சியகத்தைக் குறை சொல்ல எழுதியது அல்ல இது. கடலோர ஊர்களில் திறந்தவெளியில் நிறுத்திய போர் விமானங்களில் திரும்பத் திரும்ப வரும் சேதங்களை ஒரே விமானத்தின் மேல் தொகுத்து வைத்த மாதிரி நிகழ்வு. இடம் தென்சென்னை, கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள். விமானத்தோடு ஒரு சிறிய விண்வெளிக் கூடமும் உண்டு. ஆய்வின் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: இந்த விமானத்தைக் கெடுத்தது மழை அல்ல. உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அடைத்ததும், அடைத்த இடத்தின் மேல் ஆண்டுதோறும் பெயின்ட் பூசியதும்தான்.

எந்த விமானம், ஏன் இந்த ஊர்

இந்திய விமானப்படையில் மிக்-21 நுழைந்தது 1963-ல். எஃப்.எல். வகை இங்கே இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்.ஏ.எல்.) நிறுவனத்தின் நாசிக் ஆலையில் உருவானது. 1971 டிசம்பர் 14 அன்று டாக்காவில் ஆளுநர் மாளிகையைத் தாக்கியவற்றில் இந்த வகை விமானங்களும் உண்டு. 2013 டிசம்பரில் கலைக்குண்டாவில் எஃப்.எல். ஓய்வு பெற்றது. மிக்-21 குடும்பத்தின் கடைசி விமானங்கள் 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றன. ஓய்வு பெற்ற உடல்கள் பல கல்லூரிகளுக்கும் பூங்காக்களுக்கும் அறிவியல் மையங்களுக்கும் போய்ச் சேர்ந்தன. கொடுக்கும்போது கையெழுத்து, மாலை, புகைப்படம் எல்லாம் இருக்கும். பராமரிப்புக் கையேடு மட்டும் கூட வராது.

இப்படி ஒன்றைக் காப்பாற்றச் சென்னைக்கு நியாயம் நிறையவே உண்டு. 1910-ல் பல்லாவரத்தில் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் தன் விமானத்தைப் பறக்கவிட்ட ஊர் இது. 1949-ல் தொடங்கிய குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் பாடத்துக்காக நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்கள்தான் மாணவர் அப்துல் கலாமை அதிகம் ஈர்த்தவை என்று அவரே எழுதியிருக்கிறார். கடற்படையின் டி.யு.-142 விமானங்கள் 2017 வரை பறந்தது அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்து. வடக்கே பழவேற்காடு ஏரியைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து முதல் ராக்கெட்டான ரோகிணி-125 கிளம்பியது 1971 அக்டோபர் 9 அன்று. 2014 டிசம்பரில் எல்.வி.எம்.-3 ராக்கெட் சோதனையில் ஏவிய, மனிதர் பயணிக்கும் விண்கலத்தின் மாதிரியை அந்தமான் பக்கக் கடலில் மீட்டு, கரை சேர்த்தது எண்ணூர் துறைமுகத்தில். இவ்வளவு இருந்தும், பொருள்களைக் கெடாமல் வைப்பதில் இந்த ஊரின் காற்றைப் போல எதிரி வேறில்லை.

உப்பு

கடல் உப்பு என்றால் சோடியம் குளோரைடு மட்டும் அல்ல, அதில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. சோடியம் குளோரைடு ஏறத்தாழ 75 சதவீத ஈரப்பதத்தில்தான் காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரையும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். சென்னையில் காற்றின் ஈரப்பதம் 33-க்குக் கீழே இறங்கும் நேரம் ஆண்டில் மிகக் குறைவு. ஆகவே தகட்டின் மேல் படிந்த உப்பு, வெயிலில் காய்ந்ததாகத் தெரிந்தாலும், ஏறக்குறைய எப்போதும் மெல்லிய ஈரப் படலமாகவே இருக்கிறது. மழை பெய்தால்தான் அரிப்பு என்று நினைத்து ஐப்பசி, கார்த்திகைக்கு மட்டும் தார்ப்பாய் போட்டு மூடுகிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

உப்பு எவ்வளவு படிந்திருக்கிறது என்பதை அளக்க முடியும். கப்பல் பெயின்ட் வேலையில் பயன்படும் பிரெஸ்லே ஒட்டுப்பையைத் தகட்டில் ஒட்டி, ஊசியால் காய்ச்சி வடித்த நீரைச் செலுத்தி, உறிஞ்சி, திரும்பச் செலுத்தி, கடைசியில் அந்த நீரின் மின்கடத்துத்திறனைப் பார்க்க வேண்டும். 12.5 சதுர செ.மீ. பரப்பைக் கரைத்த நீர் மொத்தம் 15 மி.லி. என்றால், ஒவ்வொரு மைக்ரோசீமென்ஸ் உயர்வுக்கும் சதுர மீட்டருக்குச் சுமார் 6 மில்லிகிராம் உப்பு என்று கணக்கு. கப்பலின் நீர்ச்சுமைத் தொட்டிக்குப் பெயின்ட் அடிக்கும் முன் அனுமதிக்கும் உச்சம் 50 மில்லிகிராம். அருங்காட்சியக விமானத்துக்கும் அதையே எல்லையாக வைத்துக்கொள்ளலாம். அளக்காமல் பெயின்ட் அடித்தால் உப்பைப் பத்திரமாக உள்ளே வைத்துப் பூட்டியதாக அர்த்தம். சில மாதங்களில் பெயின்டின் அடியில் புழு ஊர்ந்த தடம்போல் கோடு கோடாக அரிப்பு கிளம்பும்.

தண்ணீர் தங்கும் இடங்கள்

விமானத்தின் அடிவயிற்றில் வடிகால் துளைகள் உண்டு. அவற்றை வைத்தவர்கள் விமானம் தன் மூன்று சக்கரங்களில் நிற்கும் நிலையை மனதில் வைத்துத்தான் வைத்தார்கள். அதே உடலை மூக்குத் தூக்கி, ஒருபக்கம் சாய்த்துத் தூணில் ஏற்றியதும் தாழ்வான புள்ளி இடம் மாறிவிடுகிறது. மிக்-21-ன் இறக்கை இயல்பிலேயே நுனிப்பக்கம் சற்றுத் தாழ்ந்தது. இடப்பக்கச் சாய்வும் சேர்ந்தபோது விதானத்தின் (விமானியின் தலைக்கு மேல் உள்ள ஒளிபுகும் மூடி) ஓரத்திலும் மூடிப் பலகைகளின் இடுக்கிலும் புகுந்த மழைநீர் எல்லாம் இடது இறக்கை நுனிக்கும் வால் பகுதிக்கும் ஓடியது. அங்கே துளை இல்லை. இருந்த துளைகளிலும் பல, பட்டி பார்த்து அடைத்தவை. மோட்டார் வண்டி டிங்கரிங் பழக்கத்தில் பெயின்ட் வேலை செய்தவர்கள், சின்ன ஓட்டை எதைக் கண்டாலும் பட்டியால் நிரப்பி மழமழவென்று ஆக்கியிருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் அது நல்ல வேலைதான். யாரும் அவர்களிடம் அந்த ஓட்டை எதற்கு என்று சொல்லவில்லை.

தேங்கிய நீர் என்ன செய்யும்? மிக்-21-ன் தகடுகளில் பெரும்பகுதி டி-16 என்ற அலுமினியக் கலவை; செம்பு கலந்தது, வலிமை அதிகம், அரிப்பைத் தாங்கும் சக்தி குறைவு. அதனால்தான் ஆலையிலேயே அதன் மேல் தூய அலுமினியத்தின் மெல்லிய போர்வையை ஏற்றியிருப்பார்கள். வெட்டிய ஓரத்திலும் ரிவெட் துளையிலும் அந்தப் போர்வை கிடையாது. உப்புநீர் ஓரத்தில் புகுந்து உலோகத்தின் அடுக்குகளுக்கு இடையே பரவுகிறது. அரித்த அலுமினியம் வெண்மாவாக மாறும்போது கன அளவு பெருக்கிறது; பெருத்த மாவு தகட்டைத் தள்ளி, ரிவெட்டை இழுத்து, கடைசியில் தலையைப் பிய்த்தெறிகிறது. வெளியே தெரியும் உப்பல் அந்தக் கதையின் கடைசிக் கட்டம். அதற்குமேல் பட்டி பார்த்தால், பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு வேலையை விரைவுபடுத்தும்.

வால் பகுதியில் வேறொரு சிக்கல். எஞ்சின் கழற்றிய வெற்றுக் குழாயில் மைனாவும் அணிலும் கூடு கட்டியிருந்தன. நார், வைக்கோல், பிளாஸ்டிக், எச்சம் எல்லாம் சேர்ந்த ஈரமூட்டை. காற்றுப் புகும் வாயையும் வெளியேறும் வாயையும் பிளைவுட் வைத்து மூடிவிடலாம் என்று தோன்றும். கூடாது, காற்றோட்டம் நின்றுவிடும். 12 மி.மீ. கண் உள்ள வெல்டு வலையைச் சட்டத்தில் பொருத்தி, விமானத்தில் துளை போடாமல் உள்பக்கம் ரப்பர் பட்டையால் இறுகப் பிடிக்கும்படி வைப்பதே சரி. மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும், வேகம் அளக்க உதவும் பிட்டாட் குழாயின் துளையைக் குளவி மண் வைத்து அடைக்கும். அதற்குத் துணி உறை போதும்.

கை வைக்கும் முன்

விமானப்படை ஆயுதங்களை நீக்கித்தான் தருகிறது. ஆனாலும் காகிதத்தில் உள்ளதை உடலில் ஒருமுறை சரிபார்க்காமல் யாரையும் காக்பிட்டுக்குள் விடக்கூடாது. ஆபத்தில் விமானியை வெளியே எறியும் இருக்கையில் வெடிமருந்துத் தோட்டாக்கள், எரிபொருள் தொட்டிகளைக் கழற்றிவிடும் சிறு வெடிப்பான்கள், தீயணைப்புப் புட்டியின் வெடிமூடி, பிரேக்குக்கான அழுத்தக் காற்றுப் புட்டிகள், விமானியின் ஆக்சிஜன் புட்டிகள்: இத்தனையும் காலி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, சீட்டு கட்டி, படம் எடுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் தானே திறந்து பார்க்கக் கூடாது. விமானத்தைக் கொடுத்த படைத்தளத்துக்குக் கடிதம் எழுதி ஆள் வரும்வரை கயிறு கட்டி ஒதுக்கி வைக்கலாம்.

அடுத்தது கருவிகளின் முகப்பு. அந்தக் கால டயல்களில் இருட்டில் ஒளிர ரேடியம் கலந்த பூச்சு இருக்கக்கூடும். இப்போது ஒளிரவில்லையே, செத்துப்போயிருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். செத்தது ரேடியம் அல்ல, அதோடு கலந்த துத்தநாக சல்ஃபைடு. ரேடியம்-226-ன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு. கதிர் அப்படியேதான் இருக்கிறது. கண்ணாடி உடையாத டயல் பார்வையாளருக்குப் பெரிய ஆபத்து அல்ல. திறந்து துடைப்பதும், உதிர்ந்த பொடியைத் துடைப்பத்தால் பெருக்குவதும்தான் ஆபத்து. கதிர் அளவி கொண்டு பார்த்துக் குறித்து வைத்து, உடைந்ததைத் தொடாமல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வழிகாட்டுதலைக் கேட்க வேண்டும். மூடிய காக்பிட்டில் ரேடான் வாயு சேரும், ஆகவே உள்ளே ஏறும் முன் விதானத்தை அரை மணி நேரம் திறந்து வைப்பது நல்லது. எஃப்.எல். வகையில் விதானம் முன்பக்கக் கீலில் திறக்கிறது. பழைய தாங்கியை நம்பாமல் கட்டையால் முட்டுக் கொடுத்த பிறகே தலையை நீட்டலாம்.

பிரேக் பட்டைகளிலும் வெப்பத் தடுப்பிலும் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அடிப்பூச்சு மஞ்சளாகவோ மஞ்சள்பச்சையாகவோ இருந்தால் அது குரோமேட். அதன் தூசு புற்றுநோய் உண்டாக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே உலர்ந்த நிலையில் தேய்ப்பது கூடவே கூடாது.

கழுவுதல்

செலவு குறைந்த வேலையும் பலன் கூடிய வேலையும் இதுதான், ஆனால் தண்ணீரில்தான் சூட்சுமம். கடலோரப் பகுதி போர்வெல் நீரில் டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) ஆயிரத்தைத் தாண்டுவது இங்கே புதிதல்ல. அதைக் கொண்டு கழுவினால் பழைய உப்பு போய் புது உப்பு ஏறும். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுநீரை வீணாக்குவானேன் என்று அதைப் பிடித்து வைத்து விமானத்தைக் கழுவும் சிக்கனமும் நடைமுறையில் உண்டு. நீரிலிருந்த உப்பையெல்லாம் செறிவாக்கித் தள்ளிய தண்ணீர் அது. விமானத்துக்கு அதைவிடக் கெட்ட குளியல் இல்லை. வீட்டில் ஆர்.ஓ. வைத்திருக்கும் பலரிடம் ஒரு டி.டி.எஸ். பேனா இருக்கும். லாரித் தண்ணீரோ மெட்ரோ தண்ணீரோ, 300-க்குக் கீழ் காட்டினால் முதல் கழுவலுக்கு ஆகும். கடைசி அலசல் 50-க்குக் கீழ் உள்ள நீரில் இருக்க வேண்டும். மிக்-21 அளவுள்ள உடலுக்கு முதல் வேலைக்கு ஆயிரம் லிட்டர், அலசலுக்கு 150 லிட்டர் இருந்தால் தாராளம்.

பிரஷர் வாஷர் வேண்டாம். அது நீரை இடுக்குகளுக்குள் ஏற்றிவிடும். தோட்டக் குழாயின் அழுத்தமும் மென்மையான நைலான் தூரிகையும் போதும். சோப்பு நடுநிலையானதாக இருக்க வேண்டும். பத்து லிட்டர் நீருக்கு 50 மி.லி. போதும். சலவை சோடா, காரமான தரை கழுவி, கழிவறைக்கான அமிலம் மூன்றும் அலுமினியத்தைத் தின்னும். சோப்பு நீரைக் கீழிருந்து மேலாகப் பூசி, அலசும்போது மேலிருந்து கீழாக வர வேண்டும். மாற்றிச் செய்தால் ஒழுகிய தடம் காய்ந்து நிற்கும். விடியற்காலையில் தொடங்கினால் உச்சி வெயிலுக்குள் உள்ளிடுக்கும் காய்ந்துவிடும். மாலையில் கழுவுவது கழுவாமல் விடுவதைவிட மோசம்.

விதானம் அக்ரிலிக். உலர் துணியால் துடைத்தால் கீறும். கண்ணாடி துடைக்கும் அம்மோனியா திரவமோ தின்னரோ பட்டால் நுண்விரிசல் வலைபோல் பரவும். ஏராளமான நீர், ஒரு சொட்டு சோப்பு, வெறும் கை. அவ்வளவுதான்.

காய்ந்த பிறகு உள்ளறைகளுக்கு நீரை விலக்கி மெழுகுப் படலம் விடும் அரிப்புத் தடுப்பானைத் தெளிக்க வேண்டும். லாரி சேஸிசுக்கு அடிப்பதுபோல் கழிவு ஆயிலை அடித்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். அதில் அமிலம் உண்டு, தூசியைப் பிடித்து வைக்கும், ரப்பரை ஊதவைக்கும்.

அரிப்பை நீக்குதலும் பெயின்டும்

வடிகால்தான் முதல் வேலை. அடைபட்ட பழைய துளைகளைக் கையால் துரப்பணத்தைச் சுழற்றித் திறக்க வேண்டும், இயந்திரம் வேண்டாம். புது நிலைக்கு ஏற்ற தாழ்புள்ளியில் துளை தேவைப்பட்டால், கழற்றி மாற்றக்கூடிய மூடிப் பலகையில் மட்டும் 8 மி.மீ. அளவில் போடலாம், விலாச்சட்டத்திலோ ஸ்பாரிலோ (இறக்கையின் முதன்மை உத்தரம்) ஒருபோதும் கூடாது. 6 மி.மீ.க்குக் குறைந்த துளையில் நீர் தன் பரப்பு இழுவிசையாலேயே தொங்கி நிற்கும், தூசு வந்து அடைக்கும்.

அரிப்பைச் சுரண்ட மூங்கில் சீவல் அல்லது பிளாஸ்டிக் சுரண்டி. பிறகு அலுமினியம் ஆக்சைடு தேய்ப்புத் தாள், முதலில் 240 எண், அதன்பின் 400, நீர் தொட்டு. இரும்புக் கம்பித் தூரிகையும் ஸ்டீல் உல்லும் அலுமினியத்தில் இரும்புத் துகளைப் பதித்துவிடும், ஒவ்வொரு துகளும் ஒரு புது அரிப்புக் குழி. மணல் வீச்சு அந்தத் தூய அலுமினியப் போர்வையையே உரித்துவிடும். சேர்ந்த சேற்றைத் துணியில் எடுத்து, குரோமேட் கழிவாகத் தனியே கட்டி வைக்க வேண்டும், சாக்கடையில் ஊற்றுவதற்கில்லை.

பாதி தடிமனுக்கு மேல் போன தகட்டை என்ன செய்வது? பட்டறையில் காட்டினால் ஆர்கான் வெல்டிங் என்பார்கள். டி-16 வெல்டிங்கில் சூட்டிலேயே பிளந்துகொள்ளும் இனம். பிளக்காவிட்டாலும் சுற்றியுள்ள தகட்டின் வலிமை போய்விடும். காட்சிக்கு நிற்கும் விமானத்துக்குப் போதுமானது: அரித்ததை நீக்கி, நிலைப்படுத்தி, உள்பக்கம் அதே வகைக் கலவையின் மெல்லிய தகட்டை பாலிசல்ஃபைட் சீலன்ட் வைத்து அலுமினிய ரிவெட்டால் சேர்ப்பது. ஒட்டுத் தகட்டில் தேதியைப் பொறித்துவிட்டால் பின்னால் வருகிறவர்கள் அதை அசல் என்று எண்ணிக் குழம்ப மாட்டார்கள்.

சக்கரங்களுக்குத் தனி எச்சரிக்கை. அந்தக் காலச் சக்கர வட்டுகள் மக்னீசியக் கலவையாக இருக்கக்கூடும். மறைவான இடத்தில் ஒரு சொட்டு வினிகர் வைத்தால் மக்னீசியம் உடனே நுரைக்கும், அலுமினியம் சும்மா இருக்கும். பார்த்ததும் அலசிவிட வேண்டும். மக்னீசியம் என்று தெரிந்தால் கிரைண்டர் பக்கம் போகக் கூடாது. தூள் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினால் இன்னும் கொழுந்துவிடும். பக்கத்தில் உலர்ந்த மணல் வாளி இருக்க வேண்டும். 800×200 மி.மீ. முதன்மை டயர்களில் எடை நிற்கக் கூடாது. அச்சின் கீழ் தாங்கி வைத்து, டயர் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க விடலாம்.

பெயின்டை உரிக்கும் முன் ஒரு விஷயம். 1971 போரின்போது வெள்ளி நிற மிக்-21 பலவற்றின் மேல் அவசர அவசரமாகப் பச்சை மறைநிறம் பூசினார்கள். அந்த விமானத்தின் வரலாறு அடுக்கடுக்காக அந்தப் பெயின்டில்தான் இருக்கிறது. நான்கைந்து இடங்களில் காசு அளவு வட்டமாக, ஒவ்வோர் அடுக்கும் வளையமாகத் தெரியும்படி தேய்த்து, படம் எடுத்து, அந்த வட்டங்களை அப்படியே விட்டுவிட வேண்டும். தடிமனை அளக்கக் காந்த வகைக் கருவி உதவாது, அலுமினியத்தில் அது பேசாது. சுழல்மின்னோட்ட வகை தேவை. உரித்த பகுதிக்குத் துத்தநாக பாஸ்பேட் கலந்த எபாக்ஸி அடிப்பூச்சு, மேலே பாலியூரிதேன். பெயர்ப்பலகை, ரப்பர் குழாய், விதான விளிம்பு, சக்கரத் தாங்கியின் பளபளப்பான தண்டு நான்கையும் டேப் ஒட்டி மறைத்த பிறகே ஸ்ப்ரே. வெள்ளிப் பெயின்ட் வாளியோடு வருகிறவருக்கு இவை நான்கும் கண்ணிலேயே படாது.

பீடமும் புயலும்

தூணின் இரும்புத் தகடு விமானத்தின் அலுமினியச் சட்டத்தோடு நேராக ஒட்டியிருந்தது. உப்புநீர் நடுவே இருக்கும்போது இரண்டும் மின்கலம்போல் வேலை செய்யும், அரிவது அலுமினியம். இதில் பரப்பின் விகிதம் முக்கியம். பெரிய அலுமினியத் தகட்டில் சிறிய துருப்பிடிக்காத போல்ட் பெரிய தீங்கு செய்யாது. பெரிய இரும்புத் தகட்டில் சிறிய அலுமினிய ரிவெட் சீக்கிரம் காணாமல் போகும். இடையில் 6 மி.மீ. ஈ.பி.டி.எம். ரப்பர், போல்டுக்கு நைலான் புஷ், தலைக்குக் கீழ் நைலான் வாஷர், சுற்றிலும் சீலன்ட். இவை இல்லாமல் எந்தக் கட்டுமானப் பொறியாளரின் கையெழுத்தும் விமானத்தைக் காக்காது.

சென்னைக்கு இந்தியத் தரநிலை 875 கொடுக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். காற்றழுத்தம் 0.6 பெருக்கல் வேகத்தின் இருமடி, அதாவது சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன். மிக்-21-ன் இறக்கைப் பரப்பு 23 சதுர மீட்டர். மூக்கை 12 பாகை தூக்கி வைத்து எதிர்க்காற்று அடித்தால், தூக்குக் குணகம் 0.5 என்று வைத்தாலும் 17,000 நியூட்டனுக்கு மேல். ஒன்றே முக்கால் டன் தூக்குவிசை. எஞ்சின் கழற்றிய உடல் அதைத் தன் எடையாலேயே சமாளிக்கும். பக்கவாட்டுக் காற்று வேறு கணக்கு. வால்துடுப்பு மட்டும் 5 சதுர மீட்டர், விசைக் குணகம் 1.2 என்று கொண்டால் 9,000 நியூட்டன், அதுவும் தரையிலிருந்து ஆறு மீட்டர் உயரத்தில். தூணின் அடியில் 54,000 நியூட்டன்-மீட்டர் திருப்புவிசை விழுகிறது, உடலின் பக்கவாட்டுப் பரப்பைச் சேர்க்காமலேயே. அரித்துப்போன சட்டம் அந்த விசையைத் தாங்கிக்கொண்டிருக்கிறதா என்பதே கேள்வி.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் காட்டியது இன்னொன்று: காற்று விமானத்தைச் சாய்க்கும் முன்பே மரம் அதன் மேல் விழும். நிழலுக்காக விமானத்தின் பக்கத்திலேயே வைத்த தூங்குமூஞ்சியும் குல்மோகரும் தங்கள் உயரத்துக்குச் சமமான தூரத்துக்குள் எதையும் நசுக்கும். நட்டவருக்கு வருத்தமாகத்தான் இருக்கும். கிளைகளைப் புரட்டாசிக்குள் குறைத்தாக வேண்டும்.

எங்கள் பரிந்துரை நேரடியானது. விமானத்தைத் தூணிலிருந்து இறக்கி, சக்கர நிலையில் தாங்கிகளின் மேல் நிறுத்துங்கள். அசல் வடிகால்கள் மறுபடி வேலை செய்யும், ஏணியில்லாமல் கழுவலாம், பக்கவாட்டு விசையின் உயரம் பாதியாகும். பறக்கும் தோரணை போய்விடுமே என்பார்கள். போகட்டும்.

கொட்டகை

கூரை போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதில் பாதிதான் உண்மை. வெயிலும் மழையும் நிற்கும். ரப்பரும் அக்ரிலிக்கும் பெயின்டும் நெடுநாள் தாங்கும். ஆனால் மழை ஓர் இலவசக் கழுவல். சுவரில்லாத கொட்டகைக்குள் கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து போடும், அலசிவிட மழை வராது. அதனால் கூரைக்குக் கீழ் உள்ள தகடு வெட்டவெளியில் உள்ளதைவிட வேகமாக அரிப்பதும் உண்டு. கொட்டகை போட்ட அருங்காட்சியகம் கழுவலைக் கூட்ட வேண்டும், குறைக்கக் கூடாது. தகரக் கூரையானால் அடியில் வெப்பத் தடுப்பு தேவை. மார்கழி விடியலில் கூரையின் அடியில் பனித்து விமானத்தின் மேல் சொட்டும். நீலத் தார்ப்பாயை உடலோடு ஒட்டிக் கட்டுவது எந்த நிலையிலும் வேண்டாம், உள்ளே வேர்த்துக்கொண்டே இருக்கும்.

விண்வெளிக் கூடம்

கூடத்தில் இருப்பவை: 200 மி.மீ. விட்டமுள்ள ஒரு ஆர்.எச்.-200 ஆய்வு ராக்கெட்டின் எஃகு உறை, சில மின்சுற்றுப் பலகைகள், கம்பி இணைப்பிகள், 16 மி.மீ. படச்சுருள்கள். ராக்கெட் உறையில் எரிபொருள் எச்சம் இல்லை என்று கைபேசியில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமராவை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். ஏதேனும் ஒட்டியிருப்பதாகத் தெரிந்தால் சுரண்டாமல் வெளியே வந்து, கொடுத்தவர்களை அழைப்பதே வழி.

சேதம் நடந்தது எதிர்பாராத இடத்தில். படச்சுருள்களும் இணைப்பிகளும் ஒரே பிளைவுட் அலமாரியில் இருந்தன. அலமாரியைத் திறந்தால் வினிகர் வாடை. அசிடேட் படச்சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையும்போது அசிட்டிக் அமிலம் விடும். அந்த அமிலமே சிதைவை இன்னும் விரைவாக்கும். பிளைவுட்டும் தன் பங்குக்கு அமில ஆவி விடுகிறது. அந்த ஆவி காட்மியம் முலாம் பூசிய இணைப்பிகளையும் ஈயப் பற்றவைப்புகளையும் வெண்பொடியாக்கியிருந்தது. விமானத்தைக் கடல் தின்றது, ராக்கெட் பாகங்களைத் தின்றது பக்கத்து அடுக்கு. வாடை வந்த சுருளை உடனே பிரித்து, முதலில் டிஜிட்டலாக்கி, இரட்டைப் பையில் சிலிக்கா ஜெல்லோடு குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். எடுக்கும்போது பையைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். உலோகப் பொருள்கள் பவுடர் பூச்சு அடித்த எஃகு அலமாரிக்கு. காட்மியப் பொடியைக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது, அது நஞ்சு.

காலை பத்து முதல் ஐந்து வரை ஏசி, இரவில் நிறுத்தம் என்ற பழக்கமும் ஒரு காரணம். குளிர்ந்த பொருள்களின் மேல் இரவின் ஈரக்காற்று படிகிறது. மின்கட்டணம் ஒன்றுதான் என்றால், பகலில் மட்டும் ஓடும் ஏசியைவிட 24 மணி நேரமும் ஓடும் ஈரநீக்கி மேல். 45 முதல் 55 சதவீதத்துக்குள் நிலையாக நிற்பதே இலக்கு. மூடிய காட்சிப்பெட்டிக்குச் சிலிக்கா ஜெல் போடுகிறவர்கள் பெட்டியின் ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ என்ற பழைய அளவை நினைவில் வைக்க வேண்டும். செருப்புப் பெட்டியில் வரும் பொட்டலங்களைச் சேர்த்துப் போட்டு ஆகாது.

ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டியவை

மாதம் ஒரு கழுவல், புரட்டாசியில் வடிகால் சோதனை, தை பிறந்ததும் மூடிகளைத் திறந்து உலர்த்தல். இதற்கு ஆள் கிடைப்பார்கள். தவறு திரும்ப நுழைவது பெயின்ட் டெண்டரின் வழியாகத்தான். ஆகவே அதில் இவை எழுத்தில் இருக்க வேண்டும்: உப்பு அளவு 50 மில்லிகிராமுக்குக் கீழ் என்று காட்டிய பிறகே பூச்சு, அருங்காட்சியகத்தின் எழுத்து அனுமதியில்லாமல் எந்தத் துளையிலும் பட்டி கூடாது, கிரைண்டர், கம்பித் தூரிகை, மணல் வீச்சு கூடாது, வேலை முடிந்ததும் ஒவ்வொரு வடிகாலிலும் தண்ணீர் ஊற்றி, அது கீழே ஒழுகுவதைக் காட்டிய பிறகே கடைசித் தவணைப் பணம்.